மச்சாளின் மகனுக்கு விழுந்த பெரிய நம்பர்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. அதை மறைத்துக்கொண்டு இதை எழுத முடியாது. எழுதினாலும் ஹேர்னிங் என்ற இந்த டேனிஷ் ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். இன்னொருத்தி வீட்டு யன்னலோரத்தில் கறிவேப்பிலைக் கன்று செழித்து நின்றால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. ஆனால் அவையெல்லாம் சில்லறைப் பொறாமைகள். இரண்டு வருடமாக என்னைப் பிடித்து ஆட்டிய பொறாமை வேறு. அது என் மச்சாளின் மகனுக்கு விழுந்த ஒரு நம்பரில் தொடங்கியது.

மச்சாள் என் கணவரின் தங்கை. எங்கள் வீட்டிலிருந்து அவள் வீட்டுக்குச் சைக்கிளில் ஐந்து நிமிடம். அவளுடைய ஒரே மகனும் என்னுடைய ஒரே மகனும் மூன்று கிழமை இடைவெளியில் பிறந்தவர்கள். ஒரே வகுப்பு, ஒரே பந்தாட்டக் கழகம், ஒருவனுக்கு அளவில்லாமல் போன குளிர்ச்சட்டை மற்றவனுக்கு. என் மகன்தான் முதலில் நடந்தான் என்று நான் இன்றைக்கும் சொல்வேன். அவளுடைய மகன்தான் முதலில் கதைத்தான், ஆனால் அதை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவளுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் கிடையாது. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

இந்த நாட்டில் பதினெட்டு வயதானதும் பொடியன்களுக்கு ஒரு கடிதம் வரும். இப்போது பெண் பிள்ளைகளுக்கும் வருகிறது. குறித்த நாளில் போய் நிற்க வேண்டும். கண், காது, முதுகு எல்லாம் பார்ப்பார்கள், ஒரு பரீட்சையும் வைப்பார்கள். தேறியவர்கள் கடைசியில் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் ஒரு நம்பர் இருக்கும். சின்ன நம்பர் என்றால் இராணுவச் சேவைக்குக் கூப்பிடலாம். பெரிய நம்பர் என்றால் வீட்டுக்கு வந்து தன் பாட்டைப் பார்க்கலாம். பிள்ளை வகுப்பில் முதலாவதாக வர வேண்டும் என்றே வேண்டிப் பழகிய நாங்கள், வாழ்க்கையில் முதல்தடவையாகப் பிள்ளை கடைசி ஆளாக வர வேண்டும் என்று கோயிலுக்குப் போனோம்.

நானும் மச்சாளும் வெள்ளிக்கிழமைகளில் என்னுடைய காரில் ஒன்றாகத்தான் கோயிலுக்குப் போவது. சீட்டு எடுக்கிறதுக்கு முந்தின வெள்ளி பிள்ளையாருக்கு முன்னால் நின்று, என் மகனுக்குப் பெரிய நம்பர் விழுந்தால் இருபத்தொரு தேங்காய் உடைக்கிறேன் என்று நேர்ந்தேன். மருமகனையும், அதுதான் மச்சாளின் மகனையும், சேர்த்து நேர வேண்டும் என்று ஒரு கணம் தோன்றியது. சேர்க்கவில்லை. பெரிய நம்பர்கள் எத்தனை இருக்குமோ, அவனுக்கு ஒன்று போனால் என் மகனுக்கு ஒன்று குறையுமே என்று கணக்குப் பார்த்தேன். திரும்பி வரும்போது மச்சாளிடம் கேட்டேன்.

"நீ என்ன நேர்ந்தனி?"

"சொன்னால் பலிக்காது அண்ணி," என்று சிரித்தாள்.

சீட்டு எடுக்கும் நாளில் அவள் இரண்டு பேரையும் தன் காரில் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு வேலை. நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். மூன்று மணிக்கு வேலை முடிந்து ஓடிவந்து இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தபோது பொடியன்கள் வந்து சேர்ந்தார்கள். மச்சாள் காரைவிட்டு இறங்காமலே போய்விட்டாள்.

"என்னடா நம்பர்?" என்று கேட்டேன்.

என் மகன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பால் எடுத்தான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "சின்னன் அம்மா," என்றான்.

"உனக்கு?"

மருமகன் மேசையைப் பார்த்தபடி, "பெரிசு, மாமி," என்றான்.

என் கையில் இடியப்பத் தட்டு இருந்தது. அதைக் கீழே வைத்தேனா போட்டேனா என்று நினைவில்லை. இரண்டு பேருக்கும் சாப்பாடு போட்டேன். சொதியில் இருந்த முட்டை இரண்டையும் என் மகனின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தேன். வழக்கமாகப் பத்து இடியப்பம் இழுக்கும் மருமகன் அன்றைக்கு இரண்டைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்க்காமல் இருந்தான். தப்பித்துவிட்ட வெட்கம், இருக்கட்டும், என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வாழ்த்து என்று ஒரு சொல் என் வாயிலிருந்து வரவில்லை.

சில மாதம் கழித்துக் கடிதம் வந்தது. இங்கே கடிதம் என்றால் டிஜிட்டல் தபால்தான். எங்கள் வீட்டில் அதைத் திறப்பது மகனுடைய வேலை. எனக்கு டேனிஷ் தெரியாது என்றில்லை. வேலையிடத்தில் நாள் முழுக்க டேனிஷில்தான் சீவியம். ஆனால் அரசாங்கக் கடிதம் என்றால் முதல் வரியிலேயே எனக்குக் கைகால் பதறும். அதனால் அவன் பத்து வயதிலிருந்து எங்கள் கடிதங்களைப் படித்துத் தமிழில் சொல்லிவருகிறான். பாடசாலைக் கூட்டத்தில் ஆசிரியை ஐந்து நிமிடம் முகத்தைச் சுளித்துப் பேசினால், "கொஞ்சம் கதைக்கிறானாம், மற்றப்படி பரவாயில்லையாம்," என்று பத்துச் சொல்லில் முடித்துவிடுவான். எங்கள் ஆட்களின் வீடு முழுக்க இந்த மொழிபெயர்ப்பாளர்கள்தான். நாங்கள் பெற்ற பிள்ளைகளின் வாயால்தான் இந்த நாடு எங்களுடன் பேசுகிறது. அதைச் சரிபார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

"கூப்பிட்டிருக்கினம் அம்மா," என்று கடிதத்தைப் பார்த்துச் சொன்னான். அவ்வளவுதான்.

பத்தொன்பது வயதில், எந்தப் படையிலும் மாட்டக்கூடாது என்று தாய் நகையை விற்று யாழ்ப்பாணத்திலிருந்து அனுப்பிவைத்த ஆள் என் கணவர். ஆலையிலிருந்து வந்ததும் செய்தியைப் போட்டுவிட்டுச் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். செய்தியில் எந்நேரமும் கிழக்கு எல்லை, பால்டிக் நாடுகள், யுத்தத் தாங்கிகள். நான் குசினியிலிருந்து எட்டிப் பார்ப்பேன். அந்தத் தாங்கியின் மேல் தலையை நீட்டிக்கொண்டு நிற்பது யார் பெற்ற பிள்ளை என்று உற்றுப் பார்ப்பேன்.

அந்த நேரம் மச்சாளின் மகன் ஓகூஸ் நகரத்தில் பொறியியல் படிக்கப் போனான். அவனுக்கு மாணவர் விடுதியில் அறை. அவள் சோற்றுப் பானை வாங்கினாள், படுக்கை விரிப்பு வாங்கினாள், ஐஸ்கிரீம் பெட்டிகளில் கறி அடைத்து உறைய வைத்தாள். இராணுவத்திடமிருந்து எனக்குக் கிடைத்த பட்டியலில் இருந்தவை வேறு: உட்சட்டை, பிளாஸ்டர், காலணிக்குள் வைக்கும் மெத்தை. என் பிள்ளை எடுக்க வேண்டிய சீட்டை அவளுடைய பிள்ளை எடுத்துவிட்டான் என்று எனக்கு உறுதியாகப் பட்டது. வரிசையில் ஓராள் முந்தியிருந்தால் சீட்டு மாறியிருக்கும். குளிர்ச்சட்டை மாற்றிப் போட்டவர்கள்தானே, இதில் மட்டும் ஏன் மாறாமல் போனது?

கார் பழுது என்று பொய் சொல்லி வெள்ளிக்கிழமை அவளை ஏற்றிப்போவதை நிறுத்தினேன். அவள் பஸ்ஸில் வந்தாள். ஒரு வெள்ளி அவள் கோயிலில் பொங்கல் வைத்து அர்ச்சனை செய்வித்தாள். நான் தூணோரம் நின்றேன். ஐயர் அவளுடைய மகனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். அடுத்ததாக என் மகனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். எனக்கு உச்சந்தலையில் அடித்தது போலிருந்தது. என் பிள்ளைக்கு அர்ச்சனை செய்ய இவள் யார்? தன் பிள்ளை தப்பித்த சந்தோசத்தில் எங்களுக்கும் ஒரு பிச்சையா? பொங்கலை ஒரு பேப்பர் கோப்பையில் கொண்டுவந்து நீட்டினாள்.

"வயித்துக்குச் சரியில்லை," என்றேன்.

"பிரசாதம் அண்ணி. ஒரு வாயெண்டாலும்."

"வேண்டாம் எண்டால் விடன்."

அவள் கோப்பையை மூடி என் காரின் முன் சீற்றில் வைத்துவிட்டுப் போனாள். வீட்டுக்கு வந்து அதை அப்படியே குப்பையில் போட்டேன். பிரசாதத்தைக் குப்பையில் போட்டது அதுதான் முதலும் கடைசியும்.

அதைவிட மோசமான ஒன்றையும் செய்தேன். பெரிய பிள்ளையான ஒருத்தியின் சாமத்திய வீட்டு விழாவில், மண்டபத்தில் பெண்கள் ஒரு மேசையைச் சுற்றி இருந்தபோது, மச்சாளின் மகன் எப்படித் தப்பினான் என்று பேச்சு வந்தது. "நெஞ்சு வருத்தம் எண்டு டொக்டரிட்டத் துண்டு எடுத்துக் குடுத்தவையாம்," என்று என் வாய் சொன்னது. நான் அதை முன்பே யோசித்து வைத்திருக்கவில்லை, ஆனால் சொல்லி முடித்ததும் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். அது இரண்டு கிழமையில் ஊர் சுற்றி மச்சாளின் காதுக்குப் போய்விட்டது.

அவள் என் வீட்டுக்கு வந்தாள். சண்டைக்குத் தயாராகத்தான் கதவைத் திறந்தேன்.

"அண்ணி, நீங்களோ அப்பிடிச் சொன்னது?"

"நானோ? ஆர் சொன்னது உனக்கு?"

"சரி, விடுங்கோ," என்றாள். கைப்பையைத் திறந்து இரண்டு சோடி கம்பளிக் காலுறை எடுத்து என் கையில் தந்தாள். "குளிருக்குள்ள படுக்க விடுவினமாம். தம்பியிட்டக் குடுங்கோ." என் மகனை அவள் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். நல்லவளாக இருப்பதிலும் அவள் என்னை முந்திக்கொண்டு போனாள்.

எனக்கு அப்போது தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளைச் சண்டைக்கு அனுப்புவார்களா? அதைக் கேட்காத ஆள் இல்லை. இல்லத்தில் என்னுடன் வேலை செய்யும் டேனிஷ் பெண்ணின் மகனும் இராணுவத்தில் இருந்தவன். "யோசிக்காதே, போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் விருப்பத்தில் போகிறவர்கள்தான். கட்டாயத்தில் போகிறவர்கள் குறைவு," என்றாள். எனக்குக் கோபம் வந்தது. உன் மகனுக்கு விருப்பம் இருந்திருக்கலாம், என் மகனை நம்பர் அல்லவா பிடித்தது என்று சொன்னேன். இல்லத்தில் இருந்த ஒரு கிழவர் இளமையில் வெளிநாட்டில் சிப்பாயாக இருந்தவர். அவருக்குக் கால் கழுவும்போது கேட்டேன். "நான் ஒரு வாசலில் நின்றேன், உருளைக்கிழங்கு உரித்தேன், எதிரி ஒருவனையும் காணவில்லை," என்றார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. பிறகு துவாயால் காலைத் துடைக்கும்போது, "அது அந்தக் காலம்," என்றார்.

பெற்றோரை முகாமுக்குக் கூப்பிட்ட ஒரு நாளும் வந்தது. என் மகன் கட்டிலைத் தானே மடிப்பில்லாமல் விரித்துக் காட்டினான். வீட்டில் பத்தொன்பது வருடம் நான் விரித்த கட்டில். சார்ஜன்ட் அப்படிச் சொல்வார், சார்ஜன்ட் இப்படிச் சொல்வார் என்று அவன் பேசப் பேச, முகம் தெரியாத அந்தச் சார்ஜன்டின் மேலும் எனக்குப் பொறாமை வந்தது. கோப்பியும் கேக்கும் தந்த மண்டபத்தில் ஒரு அதிகாரி நின்று கேள்வி கேட்கச் சொன்னார். இளம் பெண், தலைமுடியை இறுக்கக் கட்டியிருந்தார். நான் கையை உயர்த்தி என்னுடைய டேனிஷில் கேட்டேன். என் மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. கட்டாயச் சேவையில் இருப்பவர்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதில்லை, அது முடிந்த பிறகு தானாகக் கையெழுத்து வைத்துச் சேர்பவர்களைத்தான் அனுப்புவோம் என்றார். "வருகிற வருடங்களில் எப்படி இருக்கும் என்று நான் சத்தியம் செய்து தந்தால் அது பொய்," என்றும் சொன்னார். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். புறப்படும்போது கார்க் கண்ணாடியை இறக்கி மகனிடம் சொன்னேன்.

"ஒண்டிலையும் கையெழுத்து வைக்காத. விளங்குதோ?"

அவன் காரின் கூரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பி நடந்தான்.

அவனுடைய சேவைக் காலம் முடிய வேண்டிய மாதத்தில் முடியவில்லை. "இன்னும் கொஞ்சக் காலம் நிக்க வேணும்," என்றான். சேவைக் காலத்தை நீட்டப் போகிறார்கள் என்று செய்தியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது இவனையும் பிடித்துவிட்டது என்று நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அவன் அதைத் திருத்தவில்லை. சின்ன நம்பர் எடுத்தவனுக்கு எல்லாம் சின்ன நம்பராகவே வந்து சேருகிறது என்று பிள்ளையாரைத் திட்டினேன். கோயிலில் அவருக்கு முன்னால் போகாமல் அம்மனை மட்டும் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஈஸ்டர் விடுமுறைக்கு அவன் வீட்டுக்கு வந்தான். காலை பத்து மணியிருக்கும். அவன் குளித்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டு மேசையில் பாண் பைக்குப் பக்கத்தில் ஒரு பத்திரம் கிடந்தது. பாண் தூளைத் துடைப்பதற்காக அதைத் தூக்கினேன். அரசாங்கக் கடிதம் என்று கை பதறவில்லை. ஏனென்றால் அந்தப் பத்திரம் எனக்குப் பழக்கமானது. எங்கள் இல்லத்தில் ஒவ்வொரு கிழவருக்கும் கிழவிக்கும் இப்படி ஒரு பத்திரம் கோப்பின் முதல் தாளாக இருக்கும். ஏதும் நடந்தால் முதலில் யாருக்கு அறிவிப்பது, பிறகு யாருக்கு. பத்துப் பன்னிரண்டு வருடமாக அதைப் பார்த்துத்தான் நாங்கள் போன் எடுக்கிறோம். முதல் வரியில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவர்தான் அந்த மனுசருக்கு உலகத்தில் கிட்டின ஆள்.

என் மகனின் பத்திரத்தில் முதல் வரியில் மச்சாளின் பெயர் இருந்தது. அவளுடைய போன் நம்பர் எனக்குப் பாடம், அதைப் பார்த்தே விளங்கிக்கொண்டேன். என் பெயர் இரண்டாவது வரியில் இருந்தது. பத்திரத்தின் தலைப்பில் ஒரு பால்டிக் நாட்டின் பெயர் இருந்தது.

எது முதலில் சுட்டது என்று உண்மையைச் சொல்ல வேண்டும். நாட்டின் பெயரைவிட அந்த முதல் வரிதான் முதலில் சுட்டது. பிள்ளையைச் சண்டை முனைக்கு அனுப்பப்போகிறார்கள் என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் என் பெயரை இரண்டாவதாகப் போட்டான் என்றுதான் நான் நின்றேன். தாய்க்கு இதுவா முதல் யோசனை என்று இன்றைக்கும் கூசுகிறது.

அவன் தலையைத் துடைத்துக்கொண்டு வந்தான். தாளைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"ஆர் உன்னைப் பெத்தது?" என்று கேட்டேன்.

அவன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து டேனிஷில் சொல்லத் தொடங்கினான். "தமிழில சொல்லு," என்றேன். அவனுடைய தமிழ் நடுநடுவே தடக்கும். தடக்கித் தடக்கித்தான் எல்லாம் வெளியே வந்தது.

அன்றைக்கு அவனுக்கும் பெரிய நம்பர்தான் விழுந்தது. மருமகனுடையதைவிடப் பெரியது. வீட்டுக்கு வந்திருக்கலாம். சீட்டை எடுத்த கையோடு பக்கத்து மேசைக்குப் போய், விருப்பத்தில் சேருகிறேன் என்று கையெழுத்து வைத்தான். மருமகன் பக்கத்தில் நின்று வேண்டாமடா வேண்டாமடா என்று சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறான். திரும்பி வரும் வழியில் காரில் மச்சாளிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாளாம். அம்மாவிடம் நானே நேரம் பார்த்துச் சொல்கிறேன், நீங்கள் சொல்லக்கூடாது என்று இவன் அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். சேவை முடிந்ததும் மறுபடி கையெழுத்து வைத்ததையும் அவளிடம் சொல்லியிருக்கிறான். வருகிற இலையுதிர்காலம் போக வேண்டும்.

"ஏன் என்னட்டச் சொல்லேல்லை?"

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

"இல்லை."

"அதுதான்."

நான் தாளை மேசையில் அடித்தேன். "அதுக்காக அவளின்ர பேரோ முதல்? நான் செத்துப் போனனோ?"

அவன் துவாயை மடியில் போட்டான். "நீங்கள்தானே ஒருக்கால் சொன்னீங்கள்," என்றான். "உங்கட வேலையில ஒரு ஆள் செத்து, மகளுக்குப் போன் அடிச்சது. அவா கடையில நிண்டவா. தனிய. போனைக் காதில வைச்சுக்கொண்டு பால் பெட்டியளுக்குப் பக்கத்தில நிலத்தில இருந்திட்டா எண்டு. நீங்கள் வீட்டை வந்து அழுதனீங்கள்."

எனக்கு நினைவிருந்தது. அவனுக்குப் பதின்மூன்று வயதிருக்கும் அப்போது.

"எனக்கு ஏதும் எண்டா, இரண்டு பேர் யூனிபோமில வருவினம். டேனிஷில சொல்லுவினம். உங்களுக்கு முதல் வரியிலேயே கை நடுங்கும், மிச்சம் விளங்காது. மொழிபெயர்க்க நான் இருக்க மாட்டன். அதாலதான். முதல் மாமியிட்டப் போகட்டும். மாமி வந்து தமிழில சொல்லுவா. உங்களைப் பிடிச்சுக்கொண்டு சொல்லுவா."

நான் தாளைத் திரும்ப மேசையில் வைத்தேன். பாண் தூள் இன்னும் அங்கேயேதான் கிடந்தது.

அன்று பின்னேரம் மச்சாள் வீட்டுக்குச் சைக்கிளில் போனேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டாள். நான் திட்டத்தான் போனேன். ஒன்றரை வருடமாக என் பிள்ளையின் உண்மையை மடியில் கட்டி வைத்திருந்தாயே என்று கேட்கத்தான் போனேன்.

"நெஞ்சு வருத்தக் கதை நான்தான் சொன்னது," என்று வாயில் வந்தது.

"தெரியும் அண்ணி."

"அப்ப ஏன் வாயைத் திறக்கேல்லை? தம்பிக்கும் பெரிய நம்பர்தான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் என்ர வாயை அடைச்சிருக்கலாமே."

"தம்பியிட்டச் சத்தியம் பண்ணிப்போட்டன்," என்றாள். பிறகு, "நீங்கள் ஆரையாவது ஏச வேணுமே. தம்பியை ஏசாமல் எங்களை ஏசினால் பரவாயில்லை எண்டு இருந்திட்டன்," என்றாள்.

அந்தப் பொங்கலின் கதையையும் அப்போதுதான் சொன்னாள்: இரண்டு பொடியன்களுக்கும் பெரிய நம்பர் விழுந்தால் என்று அவள் நேர்ந்த பொங்கல் அது. இரண்டு பேருக்கும் விழுந்தது, அதனால் இரண்டு பேரின் பெயரிலும் அர்ச்சனை. அதைத்தான் நான் குப்பையில் போட்டிருக்கிறேன். பிள்ளையாரும் பாவம், நான் கேட்டதைக் கேட்டபடியே தந்துவிட்டு ஒன்றரை வருடம் என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறார்.

அடுத்த வெள்ளி தமிழ்க் கடையில் இருபத்தொரு தேங்காய் வாங்கினேன். கடைக்காரர் என்ன விசேசம் என்று கேட்டார். மகனுக்குப் பெரிய நம்பர் விழுந்தது என்றேன். அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. மச்சாளைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். கோயிலுக்கு வெளியே காற்று முகத்தில் அறைந்தது. அவள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தர நான் உடைத்தேன். கேட்டது கிடைத்ததற்கு நன்றி சொல்கிறேனா, கிடைத்ததும் கையைவிட்டுப் போனதற்குச் சண்டை பிடிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. பதினைந்தாவது தேங்காய் உடையவில்லை. மூன்று தரம் அடித்தேன். அவள் வாங்கி ஒரே அடியில் உடைத்தாள். அதற்கும் எனக்கு ஒரு சின்ன எரிச்சல் வந்தது, மறைக்கவில்லை.

இலையுதிர்காலத்தில் அவன் போனான். போவதற்கு முன் அந்தப் பத்திரத்தை மாற்றி எழுதட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். இப்போது எனக்கு வரும் டிஜிட்டல் தபாலை நானே திறந்து, அகராதியை வைத்துக்கொண்டு, ஒரு வரிக்குப் பத்து நிமிடம் என்று படிக்கிறேன். வாசல் காவல், பயிற்சி, உருளைக்கிழங்கு என்று அவன் எழுதுகிறான். கிழவர் சொன்ன அதே உருளைக்கிழங்கு. நம்புகிறேன், பாதி நம்புகிறேன். அவன் மொழிபெயர்க்கும் விதம் எனக்குத் தெரியும்.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஓகூஸிலிருந்து மருமகன் சனிக்கிழமைகளில் அழுக்கு உடுப்பு மூட்டையோடு வந்து இறங்குகிறான், அவள் வீட்டு உடுப்புத் தோய்க்கும் மெசின் நாள் முழுக்க ஓடுகிறது. அந்தச் சத்தத்தின் மேல் எனக்குப் பொறாமை. அதைவிடப் பெரிய பொறாமை ஒன்றும் இருக்கிறது. என் பிள்ளைக்கு ஏதும் என்றால் என்னைவிட முதலில் அவளுக்குத் தெரியும். ஐந்து நிமிடச் சைக்கிள் தூரம், அவ்வளவு நேரம் அவன் அவளுடைய பிள்ளையாக மட்டும் இருப்பான்.

இது அவளுக்கும் தெரியும். முன்பெல்லாம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்து சட்டி மூடியைத் திறந்து பார்க்கிறவள். இப்போது புறப்படும்போதே போன் எடுக்கிறாள். "அண்ணி, சும்மாதான் வாறன்," என்கிறாள். வாசலுக்கு வந்து மணியை அடித்துவிட்டு, நான் கதவைத் திறக்கும் முன்பே வெளியில் நின்று சத்தமாக ஒருதரம் சொல்கிறாள்.

"சும்மாதான் வந்தனான் அண்ணி. சும்மாதான்."

அதைக் கேட்ட பிறகுதான் நான் கதவைத் திறக்கிறேன்.